வெயில் பட்டால் வெள்ளையாகும் கண்ணாடி

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தினோம். டேங்க் மூடியைத் திறக்க என் வீட்டுக்காரர் இறங்கி அந்தப் பக்கம் போனார். இந்தப் பக்கம் டை கட்டிய ஒருவர் வந்தார். எங்கள் முன் கண்ணாடியில் எதையோ புஸ் புஸ்ஸென்று அடித்து, நடுவில் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாகத் துடைத்துவிட்டார்.

யாரைக் கேட்டுத் துடைத்தார்?

வட்டம் பளிச்சென்று இருந்தது. அதுவரை சுத்தமாகத் தெரிந்த மீதிக் கண்ணாடி இப்போது அழுக்காகத் தெரிந்தது. வியாபாரம் என்றால் இதுதான்... முதலில் நம் வீட்டு அழுக்கை நமக்கே காட்டிக் கொடுத்துவிட வேண்டும்!

"இம்போர்ட்டட் ஃபார்முலா மேடம். தண்ணிக்கறை, உப்புக்கறை எதுன்னாலும் ஒரே ஸ்ப்ரேதான்."

"உள்ள என்ன இருக்கு?"

"ஃபார்முலா மேடம்."

"அந்த ஃபார்முலாவுல என்ன இருக்குன்னு கேட்டேன்."

அவர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிக்க ஆரம்பித்தார். விற்கிறவரே அப்போதுதான் படிக்கிறார் என்றால் வாங்குகிறவள் என்ன செய்வது? பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தேன். எலுமிச்சம்பழ வாசனை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ஏன் எல்லாரையும் சந்தேகப்படுற?" என்று வண்டியை எடுக்கும்போது என் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். பத்திரிகையில் என் இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பால்காரர் சிரித்தால் பாலைப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் நலம் விசாரித்தால், என்ன வேண்டும் என்று யோசிப்பேன். ஆனால் கார் கண்ணாடிக் கறை விஷயத்தில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தை நான் கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் என் மாமனார் வீட்டில் இருந்தோம். மாமா — அப்படித்தான் கூப்பிடுவேன் — நூல்மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மில்லை விட்டு வந்த கையோடு ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். அதை அவர் மட்டும்தான் ஓட்டுவார், அவர் மட்டும்தான் கழுவுவார். மகனே ஆனாலும் கதவை ஓங்கிச் சாத்தினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

மம்சாபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. காலையில் காரில் போவார், சாயங்காலம் திரும்புவார். எப்போதாவது அத்தையும் — என் மாமியார் — பின் சீட்டில் ஏறிக்கொண்டு கூடப் போவார். தோப்பில் தேங்காய் இருந்ததோ இல்லையோ, மாமா காரில் போய்விட்டு வருவது ஊருக்கே தெரிந்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வரும்போது, எதிரே புல்லுக்கட்டோடு ஒரு சைக்கிள்காரர். மாமா கடைசி நொடியில்தான் அவரைப் பார்த்திருக்கிறார். ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலம்புதரில் போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சைக்கிள்காரர் திட்டிய திட்டுதான் பலமான காயம். பின் சீட்டில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்ததும் நேரே சாமி ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காரில் இனி ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"வெயில் பட்டதும் கண்ணாடி பூரா வெள்ளையாப் போச்சுல. ரோடே தெரியல" என்றார் மாமா.

"வெயில் எல்லாருக்குந்தானப்பா அடிக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குள் போய்க் கண்ணாடியை இப்படியும் அப்படியும் பார்த்தார். அங்கங்கே சில புள்ளிகள். மற்றபடி எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தேதிகூடத் தெளிவாகத் தெரிந்தது. தீர்ப்பு முடிந்தது. கோளாறு கண்ணாடியில் இல்லை, கண்ணில்!

கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வயசுக்கு ஏத்த கண்ணுதான்" என்றார். எவ்வளவு சாமர்த்தியமான பதில் பாருங்கள்! கண் நன்றாக இருக்கிறது என்று மாமாவுக்குக் கேட்டது. வயசாகிவிட்டது என்று மகனுக்குக் கேட்டது. அன்றைக்கே கார் சாவி பீரோ லாக்கருக்குள் போய்விட்டது.

மாமா சும்மா இருப்பாரா?

"அந்த டாக்டர் ஒங்கூடப் படிச்சவன்தான? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் செய்யுதீக. ஏலே, என் வண்டியை விக்கணும்னா நேரா கேளு" என்று கத்தினார்.

கத்தல் ஒரு வாரத்தில் அடங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தோப்புக்கு டவுன் பஸ்ஸில் போகச் சொன்னார்கள். போகவில்லை. காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போவார். நிறுத்தி வைத்த காரில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து படிப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் பேப்பரை நீட்டினார்.

"நீ ஒரு வரி படிம்மா. பொறவு நான் படிக்கேன். ரெண்டும் ஒண்ணா வருதான்னு பாப்போம்."

ஒன்றாகத்தான் வந்தது. ஆனால் நான் அவர் மனசு நோகாமல் இருக்க வேண்டுமென்று ஒத்துப் படிக்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். இன்னொரு வரி படிக்கச் சொன்னார். ஊரையே சந்தேகப்பட்ட மனிதர் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு பக்கம் என் மூளை சும்மா இல்லை. காலையில், ஷெட் நிழலில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாரே என் வீட்டுக்காரர்... மாமா ஓட்டியது காலையிலா? நிழலிலா? மம்சாபுரத்திலிருந்து சாயங்காலம் திரும்பும்போது மலைக்கு மேலே இறங்குகிற வெயில் முகத்தில் அறையும். அந்த வெயிலில் யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா?

என் வீட்டுக்காரர் மில் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்த ஒரு சாயங்காலம். "மாமா, வண்டியை வெளிய தள்ளுவோமா?" என்று கேட்டேன். சாவி எதற்கு? நியூட்ரலில் தள்ளினால் வந்துவிடப் போகிறது. தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு மாமா பின்னால் நின்று தள்ளினார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் அதுவரை ஒரு மருமகள் உட்கார்ந்து மாமனார் கார் தள்ளியதில்லை. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அது அவர்கள் பாடு.

வண்டி மேற்கே பார்த்து நின்றது. மலைக்கு மேல் சூரியன்.

என்னத்தைச் சொல்ல? கண்ணுக்கு முன்னால் தெருவே இல்லை! கண்ணாடி முழுக்க வெள்ளை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும், ஒவ்வொரு ஒழுகலும் தனித்தனியாக மின்னியது. அதற்கு அந்தப் பக்கம் ஆள் நிற்கிறாரா, மாடு நிற்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. என் கண்ணுக்கு எந்த டாக்டரும் வயசைச் சொன்னதில்லை.

"தெரியுதாம்மா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் மாமா.

"ஒண்ணுமே தெரியல மாமா!"

அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு ஆளுக்குக் கண் தெரியவில்லை என்று கேட்டு இன்னொரு ஆள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

சரி, கண்ணாடிதான் குற்றவாளி. கண்ணாடியை அப்படி ஆக்கியது யார்? இனி என் ராஜ்யம். முதல் சந்தேகம் எங்கள் போர்வெல் தண்ணீர் மேல். அந்தத் தண்ணீர் காய்ந்தால் குண்டானில் வெள்ளையாகப் படியும், வெந்நீர் அண்டாவில் செதில் செதிலாக உதிரும். அடுத்து, ஷெட்டுக்கு மேல் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டுத் தென்னை. பிறகு, கார் வாங்கின புதிதில் முன் கண்ணாடியை மாற்றிப் போட்டுக் கொடுத்த கண்ணாடிக்கடை பாய். செகண்ட்ஸ் சரக்கைத் தலையில் கட்டியிருப்பாரோ? மறுநாளே ஆள் அனுப்பி அவரை வரச் சொன்னேன்.

காதர் பாய் சைக்கிளில் வந்து இறங்கும்போதே முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். அவருக்கு எங்கள் மேல் சந்தேகம்! பழைய கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுசு கேட்கப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்.

"இது நான் போட்ட கண்ணாடிதானான்னு பாக்கணும்" என்றார் முதல் வார்த்தையாக.

"வேற யாரு போட்டது? ராத்திரியில வந்து மாத்திட்டுப் போனாகளா?" என்றார் மாமா.

பாய் கண்ணாடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல், "மேல ஏதோ படிஞ்சிருக்கு" என்றார். சாம்பல், செங்கல்பொடி எதுவும் போட்டுத் தேய்த்தீர்களா என்று கேட்டார். மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்கு அதிலும் சந்தேகம்தான்.

"ஒரு எலுமிச்சம்பழம் இருந்தாக் குடுங்கம்மா."

அத்தை நிலைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பழம் இல்லையே" என்றார் உடனே.

இல்லையா? முந்தின நாள் காய்கறிக் கூடையில் நானே பார்த்தேனே! உள்ளே போனேன். கூடையில் பழம் பத்திரமாக இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து பாயிடம் கொடுத்தேன். அத்தை என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பாய் பழத்தை இரண்டாக வெட்டி, ஒரு மூடியைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்தார். புள்ளிகள் மேல் சாறு பட்டதும் மெலிதாக நுரைத்தது. "பாத்தீங்களா? என் கண்ணாடியில ஒண்ணும் இல்ல. எல்லாம் மேலே படிஞ்ச சுண்ணாம்பு. ஒங்க போர்வெல் தண்ணிதான்" என்றார். முகத்தில் இறுக்கம் போயே போய்விட்டது. மாமாவும் போர்வெல்லைத் திட்ட ஆரம்பித்தார்.

நான் கேட்டுக்கொண்டே பாயின் கையைப் பார்த்தேன். அவர் வைப்பரைத் தூக்கிவிட்டு அடியில் தேய்த்தார். ரப்பருக்குக் கீழே கோடாக, நிறம் மங்காத ஒரு சிவப்புக் கசடு. குங்குமமோ, துருவோ என்று நினைக்கலாம். எலுமிச்சைச் சாறு பட்டது. சிவப்பு மஞ்சளாக மாறியது.

சமையலறைப் பக்கம் போகிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பு ஆலம். அதில் புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சள். போர்வெல்லில் எத்தனை அடி தோண்டினாலும் மஞ்சள்பொடி வராது!

வெள்ளிக்கிழமை தோறும் அத்தை திருஷ்டி கழியக் காருக்கு ஆலம் சுற்றுவார். இது ஒன்றும் ரகசியம் இல்லை. தினமும் பார்க்கிற எதையும் நாம் பார்ப்பதில்லையே... சுற்றிவிட்டுச் சக்கரத்தடியில் ஊற்றுவார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கண்ணாடியிலும் தெளிக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. சரி, பக்தி. ஆனால் என் மூளை அதோடு விடவில்லை. சாவி லாக்கருக்குள் போன பிறகு கார் ஷெட்டை விட்டு நகரவே இல்லை. மாமா கண்ணாடியைக் கழுவுவதையும் விட்டுவிட்டார். அப்படியிருக்க, அந்தச் சிவப்பு மட்டும் எப்படிப் புதுசாக இருந்தது? எங்குமே போகாத வண்டிக்கு எந்தத் திருஷ்டி?

அப்போது வாயைத் திறக்கவில்லை. பாய் மத்தியானம் வரை வேலை செய்தார். எலுமிச்சையால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவினார். அப்படியும் சுண்ணாம்பு அரித்த இடங்கள் மங்கலாகத்தான் இருந்தன. மூக்குக்கண்ணாடி தேய்க்கிற பொடியை ஈரக் கம்பளித் துண்டில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பழைய பேப்பரால் துடைத்தபோது கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. ஒரு ஈ நேராக வந்து முட்டிக்கொண்டது.

சாயங்காலம் மறுபடி வண்டியைத் தெருவுக்குத் தள்ளினோம். மேற்கே பார்த்தால் மலை, தெரு, தெருவில் போகிற ஆட்டின் தாடி வரை தெரிந்தது. மாமா சீட்டை விட்டு இறங்கவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரரையும் அந்த வெயிலில் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் காட்டினார். பாய் ஓரத்தில் தொடாமல் விட்டிருந்த பழைய இடத்தையும் காட்டினார். மகன் இறங்கி உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து அப்பா கையில் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சமையலறையில் அத்தையும் நானும் மட்டும் இருந்தோம்.

"அத்தை, போன வெள்ளிக்கிழமையும் வண்டிக் கண்ணாடியில ஆலம் தெளிச்சீங்களா?"

"திருஷ்டி மூஞ்சிக்குத்தானட்டி. வண்டிக்கு மூஞ்சி அதுதான?"

"வண்டிதான் எங்கயும் போகலையே?"

அத்தை கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"அதனாலதான் மாமாவுக்கு ரோடு தெரியலைன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தார்.

"மொதல்ல தெரியாது" என்றார். "பொறவு தெரியும்."

அத்தையே பேசினார்.

"அன்னைக்கு வண்டி சரிஞ்சுச்சில்ல? ஒன் மாமா கண்ணாடி, கண்ணாடின்னு கத்துனாக. விடிஞ்சதும் போய் விரலை வச்சுத் தேச்சுப் பாத்தேன். நான் தெளிச்ச சுண்ணாம்பு. அவியளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் சுத்துனேன். அதுவே அவியளைக் கொல்லப் பாத்திருக்கு. இதை எந்த வாயால சொல்ல?"

"சரி, சொல்ல வேண்டாம். தெளிக்கிறதை நிறுத்தியிருக்கலாமே?"

"அதுக்குள்ள ஒன் வீட்டுக்காரன் சாவியை எடுத்து உள்ள வச்சுட்டான். அவிய வீட்லயே இருந்தாக. பொழுது சாஞ்சா வாசலைப் பாத்துக்கிட்டு, எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்கார வேண்டியதில்ல. எம்புட்டு நிம்மதியா இருந்தேன் தெரியுமா? கண்ணாடி தெளிஞ்சிருச்சுன்னா அவிய சொன்னது நெசம்னு ஆயிரும். சாவியைக் குடுத்துருவாக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறைப்பானேன்? மாமியார் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன். "மாமா பேப்பரை வச்சுக்கிட்டுத் தன் கண்ணைத் தானே பரீட்சை பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அதைப் பாத்துக்கிட்டு எப்படி அத்தை இருந்தீங்க?"

"பாக்கலை" என்றார். "ஷெட்டுப் பக்கமே பகல்ல போகலை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கணவனுக்கு உயிர் போகக் கூடாதென்று ஒரு பெண் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் அந்த மனிதர் உயிரோடு இருப்பதற்கான காரணத்தையே எடுத்து லாக்கரில் வைக்க விட்டுவிட்டார். யாரைத் திட்டுவது? நான் போர்வெல்லைச் சந்தேகப்பட்டேன், தென்னையைச் சந்தேகப்பட்டேன், பாயைச் சந்தேகப்பட்டேன். என் சந்தேகம் வாசலைத் தாண்டி வெளியேதான் போயிற்றே தவிர, அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. நம் வீட்டுப் பிரியத்தைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பழி போர்வெல் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கு ஒன்றும் ரோஷம் வராது. அத்தையிடம் மட்டும் சொன்னேன்: "இனிமே ஆலம் சக்கரத்துக்கு மட்டும். பயமா இருந்தா மாமாகூட நீங்களும் போங்க."

"பின்னாடி உக்காந்தா முன்னாடி என்ன வருதுன்னே தெரியாதுட்டி. அதான் பயமே."

"அப்ப முன் சீட்ல உக்காருங்க."

மறுநாள் அத்தை பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். தெருவே பார்த்தது. மாமா ஹாரனை அடித்துக்கொண்டு, யாருக்கோ கல்யாணம் போல வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது சாய்வதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். அத்தை இறங்கும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "ஒரு பயமும் இல்லட்டி! எல்லாம் நல்லாத் தெரியுது. மைல் தள்ளி வார லாரிகூடத் தெரியுது. நான் அப்பப்பச் சொல்லிக்கிட்டே வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாமா உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செத்த நேரம் உட்கார்ந்திருந்தார். அத்தை உள்ளே போய்விட்டதை உறுதிப்படுத்திக்கொண்டு, என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தக் காதர் பாய்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை கேக்கியா?"

"என்ன மாமா?"

"கண்ணாடியில இடது பக்கத்தை மட்டும் பழையபடி ஆக்கித் தருவாரான்னு."